நாடாவிலிருந்து நாடாவுக்கு

துளையட்டைக் காலத்தில் ஒரு வசதி இருந்தது. கணினி பக்கத்தில் இல்லாவிட்டாலும் தரவைக் கண்ணால் பார்க்கலாம். அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எந்த நெடுவரிசையில் எந்த இடத்தில் துளை விழுந்திருக்கிறது என்று தெரியும். பழகியவர்கள் எழுத்துக்கூட்டியே படித்துவிடுவார்கள். பல அட்டைகளின் மேல் ஓரத்தில் துளையிட்ட வரி அச்சாகியும் இருக்கும். ஹெர்மன் ஹாலரித் 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகக் கொண்டுவந்த முறைதான் துளையட்டை. 1928-ல் ஐபிஎம் எண்பது நெடுவரிசை அட்டையை அறிமுகப்படுத்தியது. அந்த அளவே நிலைத்து 1970-கள் வரை உலகம் முழுக்கப் புழங்கியது. ஓர் அட்டைக்கு எண்பது எழுத்து, அதற்குமேல் ஒன்றுக்குக்கூட இடமில்லை.

சென்னை ஐஐடிக்கு 1973-ல் ஐபிஎம் 370/155 வந்தபோதும் அட்டைகளின் காலம்தான். ஒரு நிரல் என்றால் ஒரு கட்டு அட்டை. கட்டு கைதவறி விழுந்தால் வரிசை குலைந்துவிடும். அதற்காகக் கட்டை நேராகத் தட்டி அடுக்கி, அதன் மேல்விளிம்பில் பேனாவால் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கோடு இழுத்து வைப்பது அன்று உலகெங்கும் இருந்த பழக்கம். அட்டைகள் கலைந்தாலும், கோடு ஒன்று சேரும்படி அடுக்கினால் நிரல் பழைய வரிசைக்கு வந்துவிடும்.

அட்டையின் பெரிய குறை அது அடைத்துக்கொண்ட இடம். ஒரு கிகாபைட் தரவுக்கு 1 கோடியே 25 லட்சம் அட்டை வேண்டும். பெட்டிக்கு 2,000 என்று அடைத்தால் 6,250 பெட்டி. இன்று கைபேசியில் ஒரு சினிமாவை இறக்கிக்கொள்ள ஆகும் அளவு அது. ஆனால் அந்தப் பெட்டிகளைப் பூச்சி அரிக்காத, ஈரம் படாத ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டால், பல தலைமுறை கழித்தும் ஒருவர் திறந்து படிக்கலாம். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தால் போதும், வேறு யாரும் எதுவும் செய்ய வேண்டாம். கணினிச் சேமிப்பு கடந்த எழுபது ஆண்டில் எவ்வளவோ பெற்றது. இழந்தது இந்த நிம்மதியை.

காந்த நாடா வந்ததும் தரவு கண்ணிலிருந்து மறைந்தது. 1951-ல் வெளிவந்த யூனிவாக் கணினி உலோக நாடாவில் எழுதியது. வெண்கலப் பட்டைக்கு நிக்கல் பூச்சு. அடுத்த ஆண்டே ஐபிஎம் 726 என்ற கருவி, காந்தத் துகள் பூசிய பிளாஸ்டிக் நாடாவைக் கொண்டுவந்தது. அரை அங்குல அகலம், சுருள் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மெகாபைட். இருபத்தைந்தாயிரம் அட்டை ஒரே சுருளில் அடங்கிவிட்டது.

ஆளுயர அலமாரியின் மேல்பாதியில் இரண்டு சுருள்கள் விட்டு விட்டுச் சுழலும் காட்சியைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். வெகுகாலம் சினிமாவில் கணினி என்றாலே அதுதான். சுருள்களுக்குக் கீழே இருந்த நுட்பம் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. கணினி கேட்டதும் நாடா சில மில்லிநொடிகளில் ஓடத் தொடங்க வேண்டும், போதும் என்றதும் அதே வேகத்தில் நிற்க வேண்டும். கனமான சுருளை அப்படி வெடுக்கென்று இழுத்தால் நாடா அறுந்துவிடும். அதனால் சுருளுக்கும் படிக்கும் தலைக்கும் இடையில், காற்றை உறிஞ்சியெடுக்கும் இரண்டு செங்குத்து அறைகளுக்குள் நாடாவைத் தொங்கலாக விட்டார்கள். தலைக்கு வேண்டிய நாடா அந்தத் தொங்கலிலிருந்து போகும். தொங்கல் குறைந்ததும் அதை உணர்ந்து சுருள் தன் வேகத்தில் சுழன்று ஈடுகட்டும். சுருள்கள் விட்டு விட்டுச் சுழன்றதன் காரணம் இது.

அந்தச் சுருளின் பின்புறத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தினால்தான் கருவி அந்த நாடாவில் எழுதும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்கத்தான் முடியும். காக்க வேண்டிய நாடாவிலிருந்து வளையத்தைக் கழற்றிவிட்டு அலமாரியில் வைப்பது கணினி அறையில் பாலபாடம். ஒரு சுருளின் ஆயுளை ஒரு மனிதரின் விரல் தீர்மானித்த காலம் அது. எனக்கு இந்த வளையத்தின்மேல் தனிப் பிரியம் உண்டு. இதை அழிக்கக் கூடாது என்ற முடிவு, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாக அங்கே இருந்தது.

நாடாவை அழித்து மறுபடி எழுதலாம் என்பது அட்டைக்கு இல்லாத வசதி. பெரிய இழப்புகள் சில அந்த வசதியால் வந்தவை. 1969 ஜூலையில் நிலவிலிருந்து அப்பல்லோ 11 அனுப்பிய தொலைக்காட்சிச் சமிக்ஞையை, ஒளிபரப்புக்காக மாற்றுவதற்கு முன்பிருந்த அதன் மூல வடிவிலேயே தரைநிலையங்கள் நாடாக்களில் பதிவுசெய்தன. உலகம் பார்த்த மங்கலான படத்தைவிடத் தெளிவானது அது. பல ஆண்டுகள் கழித்து அந்த நாடாக்களைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. நாசா 2009-ல் வந்தடைந்த முடிவு: நாடாத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான பிற நாடாக்களோடு அவற்றையும் அழித்து, வேறு தரவு எழுதப் பயன்படுத்தியிருக்க வேண்டும். தீ விபத்தோ வெள்ளமோ வந்து கொண்டுபோகவில்லை. அன்றாடத் தேவைக்காக யாரோ ஒருவர் செய்த வழக்கமான வேலையில் போய்விட்டது.

நாடாவில் இன்னொரு தொல்லை, நடுவிலிருக்கும் ஒரு விவரம் வேண்டுமென்றால் அதுவரைக்கும் சுற்றியாக வேண்டும். அதைத் தீர்க்க வந்ததுதான் வட்டு. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் ஐபிஎம் பொறியாளர்கள் உருவாக்கிய ராமாக் 305 கணினி 1956 செப்டம்பரில் வெளிவந்தது. அதன் வட்டுப் பெட்டிக்குள் 24 அங்குல விட்டமுள்ள 50 அலுமினியத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. இத்தனைக்கும் சேர்த்துக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3.75 மெகாபைட். பெட்டியின் எடை ஒரு டன் அளவு. கணினியின் மாத வாடகை 3,200 டாலர்.

தட்டுக்குப் பூச்சு கொடுத்த விதம் பட்டறை வேலைதான். இரும்பு ஆக்சைடு கலந்த வண்ணத்தைப் பட்டுக் காலுறையில் வடிகட்டி, ஒரு காகிதக் கோப்பையில் எடுத்து, சுழலும் தட்டின் நடுப்பகுதியில் ஊற்றுவார்கள். சுழற்சியின் விசையில் வண்ணம் ஒரே சீராக விளிம்பு நோக்கிப் பரவும். ஐம்பது தட்டுக்கும் தனித்தனியே தலை வைக்க வசதியில்லை. ஒரே கரம் மேலும் கீழும் போய், வேண்டிய தட்டின் மட்டத்தில் நின்று, உள்ளே நுழைந்து படித்தது. ஒரு விவரத்தை எடுக்கச் சராசரியாக 600 மில்லிநொடி, அதாவது அரை நொடிக்குச் சற்று மேல். நாடாவைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு அது அதிசயம்.

அந்த வட்டில் ஒரு சதுர அங்குலத்துக்கு 2,000 பிட். இன்றைய வட்டில் ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேல். ஐம்பது கோடி மடங்கு நெருக்கியிருக்கிறோம். ராமாக்கில் தலைக்கும் தட்டுக்கும் இடைவெளி விட அழுத்தக் காற்றை ஊதினார்கள். இன்று தலை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. தூசு ஒன்று புகுந்தாலும் தலை மோதித் தட்டைக் கீறிவிடும், தரவு போய்விடும். அதனால் பெட்டியை அடைத்து மூடுகிறார்கள். 2013 முதல் பெரிய வட்டுகளுக்குள் காற்றுக்குப் பதிலாக ஹீலியத்தையே நிரப்புகிறார்கள்.

பிட் சிறுத்துக்கொண்டே போனால், அறையின் சாதாரண வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிவிடும். இதைத் தடுக்க எளிதில் புரளாத காந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது எழுதும் தலையாலும் அதைப் புரட்ட முடியவில்லை. கடைசியில், எழுதும் கணத்தில் மட்டும் அந்த நுண்ணிய புள்ளியை ஒரு லேசரால் சுட்டு, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடும் முறைக்கு வந்தார்கள். 30 டெராபைட்டும் அதற்கு மேலும் கொள்ளும் வட்டுகள் இந்த முறையில் 2024 முதல் வெளிவருகின்றன. ராமாக்கைவிட 80 லட்சம் மடங்கு, அதுவும் இரண்டு கையில் ஏந்தும் அளவில். இந்தச் சாதனையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். இயற்பியல், வேதியியல், இயந்திரவியல் மூன்றும் இவ்வளவு நுணுக்கமாகக் கூடும் பண்டம் வீட்டில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் ஆயுள் என்று பார்த்தால் கதை வேறு. மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு ராமாக் வட்டு இயந்திரத்தைப் பழுதுபார்த்து ஓட்டிக் காட்டுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய தரவின் பகுதிகளை அந்தத் தட்டுகளிலிருந்து பொறியாளர்களால் படிக்க முடிந்தது. பெரிய பிட், தடித்த பூச்சு, கழற்றி மாட்டக்கூடிய உறுப்புகள். இன்று நாம் வாங்கும் வட்டுக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் இரண்டு முதல் ஐந்து ஆண்டு. ஆயிரக்கணக்கான வட்டுகளை ஓட்டும் தரவு மையங்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பழுதாவது சகஜம். அந்த ஒன்றிரண்டில் நம்முடையதும் இருக்கலாம் என்பதை நாம் நினைப்பதில்லை.

நடுவில் வந்து போனவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971-ல் 8 அங்குலத்தில் வந்த பிளாப்பி 5.25 ஆகி, 3.5 ஆகி, 1.44 மெகாபைட்டில் நின்றது. நம் ஊர் டிடிபி கடைகளில் ஒரு புத்தகம் அச்சுக்குப் போகும்போது பிளாப்பிகளாகத்தான் போகும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் அத்தியாயம் திறக்காது. சோனி 2011-ல் பிளாப்பி விற்பனையை நிறுத்தியது. ஜப்பான் அரசின் விதிமுறைகளில் பிளாப்பியில்தான் தர வேண்டும் என்றிருந்த நிபந்தனைகளை 2024-ல்தான் ஏறக்குறைய முழுவதும் நீக்கினார்கள். பிறகு சிடி. சிடியில் ரீட்–சாலமன் என்ற கணக்குமுறை உள்ளே வேலை செய்கிறது. இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத் தொடர்ச்சியாகத் தரவு கெட்டாலும், மற்ற இடங்களிலிருந்து கணக்கிட்டு அதை மீட்டுவிடும். கீறல் விழுந்தும் பாட்டு தடங்கலின்றி ஓடியதற்கு 1960-ல் இரண்டு கணிதக்காரர்கள் எழுதிய ஒரு கட்டுரைதான் காரணம். கடையில் எழுதித் தந்த சிடிக்கு வேறு பலவீனம் உண்டு. அதில் தரவைத் தாங்கியிருப்பது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் ஈரப்பதமும் பட்டால் அது மங்கும். எத்தனையோ வீடுகளில் கல்யாண ஆல்பத்தோடு உறையிலிட்டு வைத்த சிடி இன்று எந்த இயந்திரத்திலும் ஓடுவதில்லை. ஓடினாலும் சிடி போடும் இடம் புதிய மடிக்கணினிகளில் இல்லை.

இப்போது நம் கையிலிருக்கும் தரவு பெரும்பாலும் இருப்பது பிளாஷ் சில்லுகளில். தோஷிபாவில் புஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது. இதில் சுழல்வது, நகர்வது எதுவும் இல்லை. ஒவ்வொரு செல்லிலும் நாலாபுறமும் மின்காப்புப் போர்த்திய ஒரு சிறு சிறை இருக்கிறது. அதற்குள் எலக்ட்ரான்களைத் தள்ளி அடைத்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை அங்கேயே இருக்கும். இருந்தால் ஒரு மதிப்பு, இல்லாவிட்டால் இன்னொன்று. முதலில் செல்லுக்கு ஒரு பிட் எழுதினார்கள். பிறகு அடைத்த எலக்ட்ரான்களின் அளவை எட்டுப் படிகளாகப் பிரித்து மூன்று பிட், பதினாறு படிகளாகப் பிரித்து நான்கு பிட் என்று போய்விட்டார்கள். செல்களை அடுக்குமாடியாகவும் கட்டுகிறார்கள். 2013-ல் 24 அடுக்கு, இன்று 200-ஐத் தாண்டிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த முதல் பென் டிரைவின் கொள்ளளவு 8 மெகாபைட்.

மின்காப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எலக்ட்ரான் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பதினாறு படிகளை நெருக்கி வைத்திருக்கும்போது சிறு கசிவும் ஒரு படியை இன்னொன்றாகக் காட்டிவிடும். எழுதி அழித்து எழுதி அழித்துக் காப்பு தேயத் தேயக் கசிவு கூடும், வெப்பம் அதை இன்னும் விரைவாக்கும். ஜெடெக் என்ற தர அமைப்பின் அளவுகோல்படி, வீட்டுப் பயன்பாட்டுக்கான, பிளாஷ் சில்லுகளால் ஆன எஸ்எஸ்டி ஒன்று தன் எழுத்து ஆயுளை முடித்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைத் தாங்கினால் போதும். பெருநிறுவனப் பயன்பாட்டுக்கானது 40 டிகிரியில் மூன்று மாதம். அதிகம் தேயாத எஸ்எஸ்டி இதைவிட வெகுநாள் தாங்கும், பயப்பட வேண்டாம். ஆனாலும் வேலூரிலோ மதுரையிலோ மே மாதத்தில் பூட்டிய அறைக்குள் இருக்கும் பீரோவின் வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தையின் பிறந்தநாள் படங்களைப் பென் டிரைவில் போட்டு நகைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் பத்திரம் என்று நினைப்பது பழைய காலத்துப் பழக்கம். நகைக்கு அது சரி.

சேமித்த பொருள் நன்றாகவே இருந்து, அதைப் படிக்கும் கருவி இல்லாமல் போவதும் நடக்கிறது. இதற்கு நான் திரும்பத் திரும்ப நினைக்கும் ஒரு கதை உண்டு. 1966, 67-ஆம் ஆண்டுகளில் நாசா ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களை நிலவைப் படமெடுக்க அனுப்பியது. மனிதர் இறங்குவதற்கு இடம் தேடும் வேலை. கலத்துக்குள்ளேயே பிலிமைக் கழுவி, ஒளியால் வருடி, வானலையில் பூமிக்கு அனுப்பியது ஒவ்வொரு கலமும். அந்தச் சமிக்ஞையை ஆம்பெக்ஸ் எப்ஆர்-900 என்ற கருவியின் நாடாக்களில் பதிவுசெய்தார்கள். அது எண்ம வடிவத் தரவு இல்லை, அலைவடிவப் பதிவு. வேலை முடிந்து நாடாக்கள் கிடங்குக்குப் போயின. 1980-களில் அவற்றைத் தூக்கி எறியலாமா என்று கேட்டபோது, ஜெட் உந்துகை ஆய்வகத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நான்சி எவான்ஸ் கூடாது என்று சொல்லிவிட்டார். நாடா மட்டும் இருந்து என்ன பயன்? படிக்கும் கருவியும் வேண்டுமே. உலகில் மிச்சமிருந்த சிலவற்றுள் நான்கு எப்ஆர்-900 கருவிகளைத் தேடிப் பிடித்து, ஆளுக்கு மேல் உயரமான அவற்றை ஆண்டுக்கணக்கில் தன் வீட்டிலேயே வைத்துக் காத்தார். அவற்றை ஓட்டிப் பார்க்கப் பணம் கேட்டார், கிடைக்கவில்லை.

2008-ல் டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் என்ற இருவர் முன்வந்து அந்தக் கருவிகளையும் நாடாக்களையும் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகம்தான் ஆய்வகமானது. பழைய பொறியாளர்கள் கருவிகளைக் கழற்றி, ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டிச் சரிசெய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் முதல் படம் வந்தது. 1966 ஆகஸ்டில் நிலவின் விளிம்புக்கு மேல் பூமி தெரிய எடுத்த படம். நாற்பது ஆண்டுகளாக அச்சில் பார்த்துவந்ததைவிடப் பல மடங்கு தெளிவு. நாடாவில் அந்தத் தெளிவு இத்தனை காலமும் இருந்தது. ஒருவர் தூக்கிப் போட மறுத்ததால் அது பிழைத்தது. அந்தப் பெண்மணிக்கு உலகம் நன்றி சொல்லியது போதாது என்பது என் எண்ணம்.

நாடா ஒழிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இன்று உலகின் பெரிய களஞ்சியங்கள் மறுபடியும் நாடாவைத்தான் நம்புகின்றன. எல்டிஓ என்ற வகை 2000-ல் 100 கிகாபைட்டில் தொடங்கியது. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறை உள்ளங்கை அளவுப் பேழை ஒன்றில் 18 டெராபைட். அதற்குள் 1,035 மீட்டர் நாடா. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவு. அரை அங்குல அகலத்துக்குள் 8,960 தடங்கள். 1952-லும் அரை அங்குலம்தான். அலமாரியில் சும்மா இருக்கும்போது மின்சாரம் செலவில்லை. கணினியோடு இணையாமல் தனியே இருப்பதால் வைரஸும் பணம் பறிக்கும் கும்பலும் அதைத் தொட முடியாது.

இதன் அருமையைக் கூகுள் 2011 பிப்ரவரியில் கண்டது. மென்பொருளில் செய்த ஒரு மாற்றத்தில் இருந்த பிழையால், ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. ஒரே தரவைப் பல தரவு மையங்களில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் பிழை அந்தப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. கணினியோடு ஒட்டாமல் இருந்த நாடாக்களிலிருந்துதான் அஞ்சல்களைத் திரும்பக் கொடுத்தார்கள். பிரதிகள் எத்தனை இருந்தாலும், ஒரே கட்டளைக்கு எல்லாமே கீழ்ப்படியும் என்றால் ஆபத்து நேரத்தில் அவை ஒரு பிரதிக்குச் சமம்.

எல்டிஓ நாடா முப்பது ஆண்டு தாங்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள், நல்ல கிடங்கில் வைத்தால். நம்பலாம். ஆனால் ஒன்பதாம் தலைமுறைக் கருவி எட்டாம் தலைமுறை நாடாவைப் படிக்கும், ஏழாம் தலைமுறையைப் படிக்காது. சில ஆண்டுக்கு ஒரு தலைமுறை வருகிறது. அதனால் களஞ்சியம் வைத்திருப்பவர்கள் யாரும் முப்பது ஆண்டு காத்திருப்பதில்லை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகம், கருவி மாறும்போதெல்லாம் பழைய நாடாக்களிலிருந்து புதியவற்றுக்கு எல்லாவற்றையும் பிரதி எடுக்கிறது. அங்கே அது ஓயாத வேலை. 1989 முதல் 2000 வரை ஓடிய லெப் துகள்முடுக்கியின் தரவு இன்றும் பிழைத்திருப்பதற்கு அந்த இடைவிடாத நகலெடுப்பே காரணம். ஏட்டுச்சுவடி காலத்தில் ஓலை செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினார்களே, அதே முறை.

கிளவுட் என்று நாம் சொல்லும் இடத்திலும் இதுதான் நடக்கிறது, நம் கண்ணில் படாமல். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைக்கிறார்கள். மென்பொருள் சுற்றிச் சுற்றி வந்து கோப்பைப் படித்து எண்ணை மீண்டும் கணக்கிடுகிறது. ஒத்துவராவிட்டால் அந்தப் பிரதி கெட்டது என்று தள்ளி, நல்ல பிரதியிலிருந்து புதிதாக எழுதுகிறது. வட்டு பழுதானால் ஊழியர் ஒருவர் உருவிவிட்டு வேறொன்றைச் செருகுகிறார். நாம் பத்து ஆண்டுக்கு முன் ஏற்றிய படம், ஏற்றியபோது இருந்த அதே வட்டில் இன்று இருக்க வாய்ப்பு குறைவு. இதற்கெல்லாம் யாரோ மின்கட்டணம் கட்டுகிறார்கள், சம்பளம் கொடுக்கிறார்கள். அது நிற்கும் நாளில் படமும் இருக்காது. கண்ணாடியில் எழுதும் முறையை மைக்ரோசாப்ட் பரிசோதித்திருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டில் பனிமலைச் சுரங்கத்தில் பிலிம் சுருள்களைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் வீட்டு அலமாரிக்கு வர அவற்றுக்கு வெகுகாலம் ஆகும். அதுவரை தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் மூன்று–இரண்டு–ஒன்று கணக்குதான் நமக்கு வழி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். நான்காவதாக நான் ஒன்று சேர்ப்பேன். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது பார்த்தாலும் சரி.

பிட்டுகள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தும் பொருள் தொலைவது தமிழுக்கு நன்றாகவே நேர்ந்திருக்கிறது. உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடு குறியீட்டில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது. ஆனால் அது நம் மேசைக்கு வந்துசேரப் பல ஆண்டு ஆனது. அதுவரை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தோம். பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதிச் சேமித்த கோப்பில் உண்மையில் பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் வெறும் குப்பை. 1990-களின் இறுதியில் நாளிதழ்களின் இணையதளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லும். குறியீட்டு முறைகளிலும் டிஸ்கி ஒருபுறம், 1999 சென்னை மாநாட்டில் அறிவித்த டாம், டாப் இன்னொருபுறம். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல்தான்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை டிஸ்கியில் வெளியிட்டு, பின்னர் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியது. அங்கே அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். ஊர் ஊராக டிடிபி கடைகளின் பழைய வன்தட்டுகளிலும், சிறுபத்திரிகை ஆசிரியர்களின் மேசை இழுப்பறைகளிலும் கிடப்பவற்றுக்கு அப்படி யாரும் இல்லை. உள்ளூர் வரலாறு, கோயில் மலர், சங்கத்தின் ஆண்டுமலர், அச்சுக்குப் போகாமல் நின்ற நாவல் எல்லாம் அங்கே இருக்கின்றன. பாமினிக்கு எழுத்துமாற்றி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு புத்தகத்தை மாற்ற நிமிடங்கள் போதும். அச்சகம் தனக்கென்று செய்துகொண்ட எழுத்துரு என்றால் கோப்போடு அந்த எழுத்துருவையும் தேடி எடுக்க வேண்டும். வன்தட்டு சுழலுமா என்பதே முதல் கேள்வி, அதை வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் பார்ப்பது நல்லது. அன்று தட்டச்சு செய்தவர்கள் பலர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அவர்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள இப்போது முடியும்.